தேதி போட்ட அட்டவணையும் தேங்கிப்போன அதிகாரங்களும்

வேதம், அதாவது பைபிள், வாசிக்க வேண்டும் என்று சொல்லாத பிரசங்கத்தை நான் கேட்டதே இல்லை. எங்கே ஆரம்பிப்பது, ஒரு நாளைக்கு எவ்வளவு, பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது என்று சொன்ன பிரசங்கத்தையும் கேட்டதில்லை. "தினமும் வாசியுங்கள்" என்பதோடு அவர்களுக்கு விஷயம் முடிந்துவிடும். எனக்கு அது முடியவில்லை, வருடக்கணக்கில் இழுத்தது. வெளியே சொல்லவும் கூச்சம், ஏனென்றால் சுற்றியிருந்த எல்லோரும் தவறாமல் வாசிக்கிறவர்களாகவே தெரிந்தார்கள். புதிதாக ஆரம்பிக்க நினைக்கிற ஒருவராவது இவ்வளவு சுற்றி வரவேண்டாம் என்பதற்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கையில் கிடைத்தது ஒரு வருட வாசிப்பு அட்டவணை. 66 புத்தகங்கள், மொத்தம் 1189 அதிகாரங்கள். 365-ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு மூன்றே கால் அதிகாரம். தாளில் பார்க்கும்போது இதெல்லாம் ஒரு விஷயமா என்றுதான் தோன்றும். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம், வாசித்ததும் டிக் அடிக்க வேண்டும். ஆதியாகமம் பறந்தது. 37-ஆம் அதிகாரத்தில் யோசேப்பைக் குழியில் போட்டதும் மேலே படிக்காமல் மூட மனம் வராது. அன்றைக்கு உரியதைத் தாண்டி நாளைய பங்கையும் வாசித்துவிட்டு, முன்கூட்டியே டிக் அடித்த பெருமையோடு தூங்கப் போன இரவுகள் உண்டு. யாத்திராகமமும் பத்துக் கட்டளைகள் வரை ஓடியது. சிக்கல் 25-ஆம் அதிகாரத்தில் ஆரம்பித்தது. ஆசரிப்புக் கூடாரம் என்ற வழிபாட்டுக் கூடாரத்துக்கான அளவுகள். ஒவ்வொரு பலகையும் பத்து முழ நீளம், ஒன்றரை முழ அகலம், அதற்கு வெள்ளிப் பாதங்கள், திரைக்கு இளநீல நூல், வளையம், கொக்கி. நடுவில் 32-இல் பொன் கன்றுக்குட்டி வந்து கொஞ்சம் உயிர் கொடுக்கும். அப்புறம் 35-இலிருந்து அதே கூடாரம், அதே பலகை, அதே பத்து முழம் மறுபடியும் வரும். புத்தகத்தில் அச்சுப்பிழையோ என்று பக்கத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறேன், சத்தியமாக. அதைத் தாண்டினால் லேவியராகமம். தோலில் வரும் தடிப்பையும் புள்ளியையும் பற்றி 59 வசனங்களில் பேசுகிற 13-ஆம் அதிகாரத்தைக் காலை அவசரத்தில் வாசித்துவிட்டு, இதிலிருந்து இன்றைக்கு எனக்கு என்ன என்று கேட்டுக்கொண்டால் என்ன பதில் வரும்?

ஆனால் என்னை நிறுத்தியது லேவியராகமம் மட்டும் என்று சொன்னால் அது பொய். நிறுத்தியது பாக்கி. காய்ச்சலில் இரண்டு நாள் போனது, ஏழு அதிகாரம் பாக்கி. வேலை நெருக்கடியில் ஒரு வாரம் போனது, முப்பதைத் தொட்டது. விடுமுறை மதியத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் கழித்துவிடலாம் என்று பார்த்தால், கண் மட்டும்தான் வரியில் ஓடும். பக்கம் முடிந்த பிறகு என்ன வாசித்தேன் என்று கேட்டால் ஒரு பெயர் கூட ஞாபகம் இருக்காது, ஆனாலும் டிக் விழுந்துவிடும். கைபேசிச் செயலிக்கு மாறியபோது நிலைமை இன்னும் மோசம். அது தொடர்ந்து வாசித்த நாட்களை எண்ணிக் காட்டும். ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்த எண்ணைக் காப்பாற்றுவதற்காகவே இரவு பதினொன்றே முக்காலுக்கு ஒலி வடிவத்தை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுப் பல் தேய்த்ததுண்டு. அந்த எண் போன நாளிலிருந்து வேதப் புத்தகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. கடன் கொடுத்தவர் தெருமுனையில் நிற்பதைப் பார்த்து வேறு வழியாகப் போகிறவனைப்போல், அது இருந்த அலமாரிப் பக்கம் போவதையே தவிர்த்தேன். ஜெபமும் அதோடு சேர்ந்து குறைந்தது. வாசிக்காதவனுக்குப் பேச என்ன முகம் இருக்கிறது என்ற எண்ணம்.

வருடம் பிறந்ததும் மறுபடி முதல் பக்கத்திலிருந்து. அடுத்த வருடமும் அப்படியே. இதனால் எனக்கு ஆதாமிலிருந்து யோசேப்பு வரை மனப்பாடம், நாலே அதிகாரமுள்ள ரூத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆகவே முதலில் சொல்லவேண்டியது இது: விட்டுப்போனால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், விட்டதை ஈடுகட்டவும் முயலாதீர்கள். பக்க அடையாள அட்டை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து இன்றைய பகுதியை மட்டும் வாசியுங்கள். தேதி இல்லாத அட்டவணைக்குப் பாக்கியே விழாது. எனக்கு இது தெரியவர ஆன காலத்தை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. அதைவிட எரிச்சல் இன்னொரு விஷயம். வருட வாசிப்பு அட்டவணைகளில் பெயர்பெற்றது ராபர்ட் மர்ரே மெக்‌ஷேன் என்ற ஸ்காட்லாந்துப் போதகர் 1842-இல் தம் சபைக்காகத் தயாரித்தது. தினமும் நான்கு அதிகாரங்கள். வருட முடிவில் பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தடவை. அந்த மனிதர் அட்டவணையோடு சேர்த்து அதன் ஆபத்துகளையும் எழுதியிருக்கிறார். கடமைக்கு வாசிப்பது, வாசித்துவிட்டோம் என்ற தற்பெருமை, கவனமின்றி ஓட்டுவது, சிலருக்கு அது தாங்கமுடியாத நுகமாகிவிடுவது என்று எனக்கு நடந்தது அத்தனையும் அதில் இருக்கிறது. அட்டவணைகள் கைமாறிக்கொண்டே வருகின்றன, அந்த எச்சரிக்கைப் பக்கம் மட்டும் எங்கள் கைக்கு வந்து சேரவில்லை.

அட்டவணை நின்ற பிறகு கொஞ்ச காலம் வசனம் பொறுக்கினேன். புத்தகத்தைக் கண்ணை மூடித் திறப்பது, கண்ணில் பட்டதை அன்றைய செய்தியாக எடுத்துக்கொள்வது. வேலைக்காகக் காத்திருந்த அந்த நாட்களில் எரேமியா 29:11 எங்கு பார்த்தாலும் எதிரே வந்தது. தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வசனத்தை எழுதி மேசைக்கு மேல் ஒட்டிவைத்தேன். இந்த மாதம் கிடைத்துவிடும் என்று அதை வைத்தே கணக்குப் போட்டேன். கிடைக்கவில்லை. மாதங்கள் போகப் போக அந்தத் தாளைப் பார்த்தாலே கோபம் வந்தது, ஒருநாள் கிழித்தும் போட்டேன். ரொம்ப நாள் கழித்து அந்த அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தபோதுதான் அது ஒரு கடிதம் என்றே தெரிந்தது. எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதுகிறார். முந்தின 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்ற ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஜனங்களுக்கு முன்பாக அடித்துச் சொல்கிறான். எரேமியாவோ அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள் என்கிறார். 29:11-க்கு நேர் முன்னால் உள்ள 10-ஆம் வசனத்தில் எழுபது வருடம் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலோர் திரும்பிப் போகும் நாளைப் பார்த்திருக்க வழியில்லை. முதலில் ஏமாற்றமாக இருந்தது. அப்புறம் யோசித்தபோது, நான் எதிர்பார்த்ததெல்லாம் அனனியா சொன்னதைத்தான், எரேமியா சொன்னதை அல்ல என்று பட்டது. அந்த வசனத்தின் மேலிருந்த கோபம் அன்றோடு போய்விட்டது. ஒரு வசனம் மனதைப் பிடித்தால், அதை எழுதி ஒட்டும் முன்பு அந்த அதிகாரத்தையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ளதையும் வாசித்துவிடுங்கள். யார், யாரிடம், எந்த நிலைமையில் சொன்னது என்று மட்டும் பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

காசு போன கதையும் உண்டு. பழக்கம் வராததற்குக் கருவி போதாததுதான் காரணம் என்று நினைத்து, குறிப்புகளோடு கூடிய ஆய்வு வேதாகமம், விளக்கவுரைத் தொகுதி, எந்தச் சொல் எந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் ஒத்துவாக்கிய அகராதி, கோடு போட்ட அழகான நோட்டுகள், வண்ண மார்க்கர்கள் என்று வாங்கிக் குவித்தேன். வேதப் புத்தகத்தின் தாள் வெங்காயச் சருகு கனம்தான் இருக்கும் என்பதை மார்க்கர் வாங்கும்போது யோசிக்கவில்லை. ரோமர் 8-இல் மஞ்சள் தீட்டினால் மறுபக்கத்தில் இருக்கிற வேறு வசனங்களும் மஞ்சளாகிவிட்டன. இன்று அந்தப் பக்கத்தைத் திறந்தால் எதை முக்கியம் என்று குறித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சாதாரண பென்சில் போதும். ஆய்வு வேதாகமத்திலும் ஒரு சிக்கல்: பக்கத்தின் கீழ்ப்பாதியில் விளக்கம் காத்திருக்கும்போது, மேலே உள்ளதை யோசிக்காமல் கண் நேரே அங்கே போய்விடும். அது இப்போதும் பயன்படுகிறது, நானாக வாசித்து முடித்த பிறகு. கடைசிக் காலத்தைப் பற்றிய காணொளிகளில் போன இரவுகளை இங்கே எழுதவே இஷ்டமில்லை. வெளிப்படுத்தின விசேஷத்தை வாசிக்காமலே அதைப் பற்றிப் பயந்துகொண்டிருந்த காலம் அது, அவ்வளவுதான்.

மாற்றம் ஒரு சாதாரண பேச்சில் வந்தது. சபையில் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற ஒரு அக்கா, வாசிப்பெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டார்கள். போகிறது அக்கா என்று சமாளித்தேன். "எங்கே நிற்கிறது? லேவியராகமமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். எனக்கு முகம் சிவந்துவிட்டது. "எல்லாருக்கும் அங்கேதான் நிற்கும். நீ மாற்கை எடு. அதிகாரக் கணக்குப் பார்க்காதே. ஒரு சம்பவம் முடிகிற இடத்தில் நிறுத்து. மறுநாள் அதையே திரும்ப வாசித்தாலும் குற்றமில்லை." இதைச் சொல்ல அவர்களுக்கு இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. இந்த இரண்டு நிமிடத்துக்காகவா இத்தனை வருடம் என்று வீடு திரும்பும்போது அழுகையே வந்தது.

மாற்கு ஏன் என்பதற்குக் காரணம் இருக்கிறது. நான்கு சுவிசேஷங்களில் சிறியது, 16 அதிகாரம். மத்தேயு வம்ச வரலாற்றோடு தொடங்குகிறது. புதிய ஏற்பாட்டை முதல் பக்கத்திலிருந்து எடுக்கிறவர்கள் பெயர்ப் பட்டியலில் மோதி நிற்பார்கள். மாற்கில் முதல் அதிகாரத்துக்குள்ளேயே ஞானஸ்நானம், சோதனை, சீஷர்களை அழைப்பது, பிசாசு பிடித்தவன், பேதுருவின் மாமி என்று வரிசையாக நடந்துகொண்டே போகும். அதிகாரக் கணக்கு வேண்டாம் என்றதற்கும் அர்த்தம் உண்டு. நாம் பார்க்கிற அதிகாரப் பிரிவு 13-ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற ஆங்கிலேயப் பேராயர் செய்தது என்பார்கள். புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்கள் 1551-இல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகக்காரர் போட்டவை. எழுதியவர்கள் போட்டதல்ல. மாற்கு 9:1-ஐப் பாருங்கள், அது 8-ஆம் அதிகாரத்தின் கடைசிப் பேச்சின் தொடர்ச்சி. அதிகாரத்தோடு நிறுத்தினால் பேச்சைப் பாதியில் வெட்டுகிறோம். ஆதியாகமத்திலும் ஏழாம் நாள் இரண்டாம் அதிகாரத்துக்குள் போய் விழுந்திருக்கிறது.

மெதுவாக வாசித்ததில் எனக்குக் கிடைத்த முதல் கண்டுபிடிப்பு அந்த 8-ஆம் அதிகாரத்தில்தான். பெத்சாயிதாவில் ஒரு குருடனை இயேசு தொடுகிறார். அவனுக்குப் பாதிதான் தெரிகிறது, நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன் என்கிறான். இரண்டாம் முறை தொட்ட பிறகே தெளிவாகிறது. ஒரே தொடுதலில் ஏன் ஆகவில்லை என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு விட்டேன். மறுநாள் அதே பக்கத்தை மறுபடி வாசித்தபோது, சற்று முன்னால் படகில் சீஷர்களிடம் "கண்களிருந்தும் காணாதிருக்கிறீர்களா" என்று அவர் கேட்டிருப்பது கண்ணில் பட்டது. குருடனுக்கு அடுத்து வருவது, நீர் கிறிஸ்து என்று பேதுரு சொல்லும் இடம். நாலைந்து வசனத்துக்குள் அதே பேதுரு பாடு மரணம் என்ற பேச்சே வேண்டாம் என்று அவரைக் கடிந்துகொண்டு, எனக்குப் பின்னாகப் போ சாத்தானே என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறான். பேதுருவுக்கும் பாதிதான் தெரிந்திருக்கிறது, மரங்களைப்போல! அந்த இரண்டு தொடுதல் அற்புதம் மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் இல்லை, மாற்கு மட்டுமே அதை இந்த இடத்தில் வைத்திருக்கிறார். விளக்கவுரைகளில் இதெல்லாம் எப்போதோ எழுதியாகிவிட்டது என்று பின்னால் தெரிந்தது. அதனால் என்ன? யாரும் சொல்லாமல் நானாகப் பார்த்தது அது. அன்றிலிருந்து வாசிக்க உட்காருவதற்கு யாரும் என்னைத் தள்ளவேண்டியிருக்கவில்லை.

இப்போது செய்வதைச் சொல்கிறேன், ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம். காலையில் எழுந்ததும் கைபேசியை எடுக்கும் முன், அது வேறு அறையில் இருக்கும்போதே, கால் மணி நேரம். ஒரு சிறு ஜெபம், ஒரு பகுதியை இரண்டு தடவை வாசிப்பது, அதில் ஒருமுறை வாய்விட்டு. பிறகு நோட்டில் இங்கே என்ன நடக்கிறது என்று சொந்த வார்த்தையில் இரண்டு வரி, எது வியப்பாக இருந்தது என்று ஒரு வரி, எது புரியவில்லை என்று ஒரு வரி. இன்றைக்கு எனக்கு என்ன என்ற கேள்வியைக் கடைசியில்தான் கேட்கிறேன், பதில் இல்லாவிட்டால் காலியாக விட்டுவிடுகிறேன். ஒன்றுமே உணராமல் எழுந்துபோகிற காலைகள் இன்னும் நிறைய உண்டு. அதைப் பற்றி இப்போது கவலைப்படுவதில்லை. கணக்கு இருந்தால்தான் ஓடும் என்கிறவர்களுக்கு ஒரு நல்ல கணக்கு: புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். மீதி இரண்டு நாள் வாசித்ததைத் திரும்ப வாசிக்கவோ சும்மா இருக்கவோ.

வரிசை என்று கேட்டால், மாற்குக்குப் பிறகு லூக்காவையும் அப்போஸ்தலருடைய நடபடிகளையும் சேர்த்து எடுங்கள். இரண்டும் தெயோப்பிலு என்ற ஒருவருக்கே எழுதப்பட்டவை, முதலாவதின் தொடர்ச்சி இரண்டாவது. அடுத்து பிலிப்பியர், நாலு அதிகாரக் கடிதம், கடிதத்தைப் போலவே ஒரே அமர்வில் முழுதாக வாசிக்க வேண்டியது. சிறையில் கட்டுண்டு கிடக்கிற பவுல் சந்தோஷமாயிருங்கள் என்று எழுதுகிறார் என்பது அப்படி வாசித்தால்தான் உறைக்கும். பழைய ஏற்பாட்டுக்கு ரூத், யோனா, பிறகு ஆதியாகமம், யாத்திராகமம் 20 வரை. சங்கீதம் எப்போது வேண்டுமானாலும். தீர்க்கதரிசிகளின் புத்தகங்கள் கால வரிசையில் அடுக்கப்படவில்லை என்பது தெரிந்திருந்தால் பாதிக் குழப்பம் தீரும். எரேமியாவை 2 இராஜாக்கள் 22 முதல் 25 வரையோடு சேர்த்து வாசித்தால் ஆட்கள் யார் யாரென்று பிடிபடும். லேவியராகமத்துக்கு நான் எபிரெயர் 9 வழியாகத்தான் போனேன். வருடத்துக்கு ஒருமுறை பிரதான ஆசாரியன் கூடாரத்தின் உள்ளறைக்குள் போவது பற்றி அங்கே வாசித்துவிட்டு லேவியராகமம் 16-ஐத் திறந்தபோது, அங்கே வரும் இரண்டு ஆட்டுக்கடாக்களைப் பற்றி வேகமாக ஓடாமல் நின்று வாசித்தேன்.

மொழிபெயர்ப்பு பற்றி ஒன்றே ஒன்று. சபையில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பின் நீண்ட வாக்கியம் பிடிபடாவிட்டால், எளிய தமிழில் உள்ள ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்வதில் தப்பே இல்லை. 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் ஆதியாகமம் தொடக்க நூல் என்றும் சங்கீதம் திருப்பாடல்கள் என்றும் இருக்கும், கத்தோலிக்கப் பதிப்பில் 73 நூல்கள் இருக்கும். தெரியாமல் கையில் எடுத்தால் வேறு புத்தகமோ என்று மலைத்துப் போவோம்.

கடைசியாக, கேட்பதற்கு ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டு வருகிறார். வாசிக்கிறது புரிகிறதா என்று பிலிப்பு கேட்டதற்கு, ஒருவன் தெரிவிக்காவிட்டால் எப்படித் தெரியும் என்று கூச்சமில்லாமல் சொல்கிறார். நான் முதலில் ஒருவரிடம் கேள்வி கொண்டுபோனபோது, கேள்வி கேட்காதே, விசுவாசி என்று வாயை அடைத்துவிட்டார். அதோடு ரொம்ப நாள் யாரிடமும் கேட்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடியவரைத் தேடுங்கள். நோட்டிலிருந்து இரண்டு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள், ஒரேயடியாகக் கொட்டினால் அவர் மிரண்டுவிடுவார். மாற்கு 14-இல் இயேசுவைப் பிடிக்கிற இரவில், போர்த்தியிருந்த துப்பட்டியைப் போட்டுவிட்டு நிர்வாணமாய் ஓடிப்போகிற ஒரு வாலிபன் வருகிறானே, அவன் யார் என்று அக்காவிடம் கேட்டேன். மாற்கேதான் என்று சிலர் சொல்வார்கள், எனக்குத் தெரியாது என்றார்கள். அந்தக் கேள்விக்குறி இன்னும் ஓரத்தில் அப்படியே இருக்கிறது.